ஜன்னல் கம்பியும் ஒத்தைக் காலும்

போன மாதம் அண்ணனும் தங்கச்சியுமாக நீங்கள் ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தபோது என் பஸ்ஸில் ஏறினீர்கள். பழங்காநத்தம் தாண்டினதும் சின்னவள் கேட்டாள்: “என்னப்பா, முன்னெல்லாம் கம்பியைத் தொடவே மாட்டீங்க. இப்ப ஒரு கை மேலயே இருக்கு?” கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. “அப்புறம் சொல்றேம்மா” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோச்சு. மறுநாள் சின்னவள் கோயம்புத்தூருக்கும் பெரியவன் ஸ்ரீபெரும்புதூருக்குமாகக் கிளம்பிவிட்டீர்கள். போனில் சொன்னால் அரைகுறையாகப் போகும். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்த கை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தனியார் பஸ் கண்டக்டர் கம்பியைப் பிடித்து நிற்க மாட்டான். ஒரு கையில் டிக்கெட் மிஷின், இன்னொரு கையில் சில்லறை. பிடிப்பதற்கு மூன்றாவது கை ஏது? அதனால் நாங்கள் இடுப்பால் நிற்போம். காலை அகட்டி வைத்து, ஏதாவது ஒரு சீட்டின் ஓரத்தில் இடுப்பைக் கொடுத்துவிட்டால் போதும். டிரைவர் எப்படி ஒடித்தாலும் உடம்பு சீட்டோடு சேர்ந்து போகும், சீட்டோடு சேர்ந்து வரும். புதிதாக வேலைக்கு வந்தவன் கம்பியைப் பிடித்தால் எங்கள் ஆட்கள் விட மாட்டார்கள். “பாசஞ்சர் ஒருத்தர் கூடுதலா ஏறியிருக்காருடா” என்று கிண்டல் பண்ணியே கையை எடுக்க வைத்துவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். பழகின பிறகு நான் எப்படி நிற்கிறேன் என்று நான் யோசித்ததே கிடையாது.

கால் உடைந்த கதை உங்களுக்குத் தெரியும். மழைக்காலம். பழங்காநத்தம் ஸ்டாப்பில் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே, எப்போதும் குதிக்கிற மாதிரிதான் குதித்தேன். சாக்கடை மூடியின் ஓரம் பெயர்ந்திருந்தது தண்ணீருக்குள் தெரியவில்லை. வலது கால் மடங்கிக் கணுக்காலுக்கு மேலே எலும்பு விட்டுப்போச்சு. பிளேட் வைத்துத் தைத்தார்கள். நீங்கள் ரெண்டு பேரும் லீவு போட்டு வந்து பார்த்தீர்கள். நீங்கள் கிளம்பிப்போன பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முழுசாகத் தெரியாது.

தை மாதம் கட்டுப் பிரித்தபோது என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கெண்டைக்கால் சதை வற்றி, வேறு யாரோ ஒருத்தர் காலைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். ஆனால் விந்தி விந்தி. வலது காலில் முழுப் பாரத்தையும் போட்டால் கால் வெடவெடத்தது.

அந்த நேரத்தில் ஓனர் வீட்டுக்கு வந்தார். நாகமலைப் பக்கம் விவசாயக் குடும்பம், நல்ல மனுசன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இங்க பாருப்பா, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல டைம் பாக்குறதுக்கு ஒரு ஆளு வேணும். ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு வண்டி வார நேரம் போற நேரம் பாத்துச் சொன்னாப் போதும். காலுக்கு வேலையே இல்ல. நீ அதப் பாரு.”

“லைனுக்கு வந்துர்றேண்ணே. கொஞ்சம் டைம் குடுங்க.”

“உன் நல்லதுக்குத்தாம்ப்பா சொல்றேன். சரி, சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு எனக்கு நிலையான ஆளு வேணும். அதுக்குள்ள ஒரு டிரிப் நான் உங்கூட வாரேன். நின்னு காட்டு. நிக்க முடிஞ்சா பஸ்ஸு. முடியாட்டி ஸ்டூலு. மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியக் கூடாது.”

அவர் போன அன்றே உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்கள் ரெண்டு பேரும் ஒரே குரலாக ஸ்டூல்தான் நல்லது என்றீர்கள். என் மேல் உள்ள பாசம், தப்புச் சொல்லவில்லை. ஆனால் நான் அந்த ஸ்டூலைப் பார்த்திருக்கிறேன். கக்கூஸுக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கும். கிளம்புகிற வண்டிக்கெல்லாம் விசில் அடித்து அனுப்பிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வண்டியில் போக வேண்டும். வேறு காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த பொண்ணுக்கு நம் பெரியவன் வயசுதான் இருக்கும். ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய் போட்ட நடைபாதை மாதிரி ஒன்று அங்கே இருந்தது. அதன் நடுவில் என்னை நிறுத்தினார். நல்ல காலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்த வேண்டும், தூக்கினதைவிட மெதுவாக இறக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க உடைந்த கால்தான் உடம்பைத் தாங்கும். “தூக்குற காலுக்கு இல்லண்ணே பயிற்சி, நிக்கிற காலுக்குத்தான்” என்றார். குழாயை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விரல் நுனி பட்டால் போதும், தடுமாறினால் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்வதற்கும் விவரமாகச் சொல்லி அனுப்பினார். அசையாத பொருளாகப் பார்த்துப் பிடிக்கணும். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், கதவு வேண்டாம், சக்கரம் வைத்த டேபிள் வேண்டவே வேண்டாம். தரை ஈரமாக இருக்கக் கூடாது, மிதியடி மேல் நிற்கக் கூடாது. கைலி கட்டிக்கொண்டு செய்யாதீங்க, காலில் சிக்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். சுள்ளென்று வலித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அப்படியே கேட்டேன். நம் வீட்டில் அசையாத பொருள் சமையல் மேடைதான். கல் பதித்தது. பழைய டிரவுசர் ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டேன். காலையில் உங்கள் அம்மா ஒரு ஓரத்தில் இட்லி ஊற்ற, நான் மறு ஓரத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு காலைத் தூக்குவேன். முதல் நாள் கால் போய் கேஸ் சிலிண்டரில் இடித்தது.

“ஏங்க, நீங்க எக்சசைஸ் பண்றீகளா, என் அடுப்படியக் காலி பண்றீகளா?” என்று அம்மா சத்தம் போட்டாள். ஆனாலும் சிலிண்டரை நகர்த்தி வைத்துவிட்டாள். நான் செய்து முடிக்கிற வரைக்கும் என் முதுகுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டில் நன்றாகத்தான் நின்றேன். ஆட்டமே இல்லை. விரலைக்கூட எடுத்துவிட்டு நிற்க முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழாய்களுக்கு நடுவில் நின்றால் மறுபடி வெடவெடப்பு. டேப்பை வைத்துக் கெண்டைக்காலை அளந்து பார்த்துவிட்டு அந்தப் பொண்ணு உதட்டைப் பிதுக்கினார்.

“வீட்ல தினமும் செய்றீங்களாண்ணே?”

“ஒரு நாள்கூட விடலம்மா. வீட்ல ஜம்முன்னு நிக்கிறேன். இங்க வந்தாத்தான் ஆடுது.”

“எதப் பிடிச்சு நிக்கிறீங்க?”

“சமையல் மேடையத்தான்.”

“எப்படிப் பிடிக்கிறீங்க?”

“நீங்க சொன்னபடி விரல் நுனி மட்டுந்தான். அதையும் எடுத்துட்டுக்கூட நிக்கிறேன்.”

அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்வி. நான் சொன்னதிலும் பொய் இல்லை. இருந்தும் கால் தேறவில்லை. இங்கே இருக்கிற பளபளப்புத் தரையைப் பார்த்துப் பயப்படுகிறீர்களோ என்னவோ என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இப்படியே வாரங்கள் போயின. வெயில் ஏறிவிட்டது. ஊரில் திருவிழாப் பேச்சு தொடங்கிவிட்டது. என் கால் மட்டும் தை மாதத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ராத்திரி படுத்தால் ஸ்டூல்தான் கண்ணுக்குள் வந்தது. அம்மாவிடம்கூட, “உக்காந்து பாக்குற வேலையும் வேலைதானே” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் டிரைவர் வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள. சொந்தமெல்லாம் கிடையாது, ஒரே வண்டியில் ஓடி ஓடி வந்த உறவு. கறி வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர், காபி குடித்துக்கொண்டே அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று நான் காலைத் தூக்குவதைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். காபி மூக்கில் ஏறி இருமினார்.

“என்ன மாமா சிரிப்பு?”

“மாப்ள, அடுத்து எந்த ஸ்டாப்பு?”

“என்ன மாமா சொல்றீக?”

“நீ எக்சசைஸா பண்ற? டிக்கெட்டுல்ல போட்டுக்கிட்டிருக்க! வருசக்கணக்கா கண்ணாடில ஒன்னத்தான பாத்துக்கிட்டு வாரேன். ஓங்கூடப் பொறந்தவனுக்குத் தெரியாது நீ எப்படி நிப்பன்னு, எனக்குத் தெரியும். அங்க பாரு, இடுப்ப எங்க குடுத்திருக்கன்னு.”

குனிந்து பார்த்தேன். விரல் நுனிதான் மேடையில் பட்டிருந்தது. ஆனால் வலது இடுப்பு மேடையின் விளிம்பில் அழுந்திக் கிடந்தது. சீட்டு ஓரத்தில் கொடுக்கிற மாதிரியே. டிரவுசரில் அந்த இடத்தில் மாவுக்கறைகூட இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அடப்பாவி மனுசா, நான் தினமும் தொவைக்கிறேன், இந்தக் கறை எங்க இருந்து வருதுன்னு முழிச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

கால் நிற்கவே இல்லை. மேடைதான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் குழாய்களுக்கு நடுவில் இடுப்பைக் கொடுக்க இடம் இல்லை, அதனால் அங்கே உண்மை தெரிந்தது. இத்தனை வாரமும் கையைப் பற்றித்தான் நாங்கள் பேசினோம். இடுப்பைப் பற்றி அந்தப் பொண்ணுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் இதற்கு முன்னால் பஸ் கண்டக்டர் யாருக்கும் வைத்தியம் பார்த்ததில்லை போல. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சாய்வது எனக்கே தெரியாது.

“மேடைய விட்டுத் தள்ளி நில்லு மாப்ள” என்றார் மாமா. தள்ளி நின்று காலைத் தூக்கினேன். வலது கால் ஆஸ்பத்திரியில் ஆடின மாதிரியே ஆடியது. விழப் பார்த்தேன். அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரி, இனிமே அடுப்படி வேண்டாம்” என்றார்.

வீட்டில் சாய இடம் இல்லாத, ஆனால் அசையாத ஒன்று வேண்டும். தேடிப் பார்த்ததில் தெருப்பக்கத்து ஜன்னல்தான் அகப்பட்டது. சுவரோடு பதித்த இரும்புக் கம்பி. மார்பு உயரத்தில் பிடிக்கலாம். ரெண்டு கையையும் நீட்டிப் பிடித்தால் சுவர் இடுப்புக்கு எட்டாது. மாமா ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு சங்கடம், நம் செல்லூர்ச் சந்து எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியுமே. ஜன்னலுக்கும் தெருவுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் இல்லை. காலையில் தறிக்குப் போகிறவர்கள், தண்ணீர்க் குடம் தூக்கி வருகிறவர்கள், பால் வண்டி எல்லாம் ஜன்னலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கம்பியைப் பிடித்து ஒத்தைக் காலில் நிற்கிறவனை யார் சும்மா விடுவார்கள்?

“என்னண்ணே, எப்ப ரிலீஸு?” என்று ஒருத்தன் கேட்டுவிட்டுப் போனான்.

எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் பார்த்து சௌராஷ்ட்ரத்தில் ஏதோ சொன்னார். உள்ளே சிரிப்பு கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “கொக்குக்கு மீன் கெடச்சுதான்னு கேக்குறாங்கண்ணே எங்க வீட்ல” என்றார்.

“சந்துல மீன் எங்கம்மா இருக்கு, நான் சும்மாத்தான் நிக்கிறேன்” என்றேன்.

முதல் வாரம் வெட்கமாக இருந்தது. திரை போடட்டுமா என்று அம்மா கேட்டாள். திரை போட்டால் வெளிச்சம் போய்விடும், தரை தெரியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர்களுக்கும் பழகிப்போச்சு, எனக்கும் பழகிப்போச்சு. எதிர்வீட்டு அம்மா கோலம் போட வரும்போது நான் ஜன்னலில் இல்லையென்றால், “அண்ணன் இன்னிக்கு லீவா?” என்று கேட்க ஆரம்பித்தார். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னபோது அந்தப் பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, இடுப்பு ரெண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துச் சரிபண்ணினார். அதிலிருந்து வாராவாரம் அதையும் பார்த்தார்.

கால் ஒரேயடியாகத் தேறவில்லை. ஜன்னலில் இருந்து விலகுகிறபோது தொடை நடுங்கும். சில நாள் கணுக்கால் வீங்கும், அன்றைக்கு விட்டுவிடுவேன். ஒருநாள் ரெண்டு கையில் ஒரு கை போதும் என்று தோன்றியது. அப்புறம் நாலு விரல். இந்த முறை நான் பெருமைப்படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, “எங்கயாவது சாயிறனா பாரு” என்று கேட்டேன். சுற்றி வந்து பார்த்தாள். “இல்லைங்க. நிக்கிறீக” என்றாள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ஓனர் சொன்னபடி மாட்டுத்தாவணிக்கு வந்தார். காலை டிரிப். பூ மார்க்கெட்டில் இருந்து மல்லிகை மூட்டைகள் ஏறியிருந்தன, கூட்டம் மிதமாக இருந்தது. ஏறுவதற்கு முன்னால் டிரைவரிடம் போய், “மாமா, எனக்காக மெதுவா ஓட்ட வேண்டாம்” என்றேன்.

“ஒனக்காக நான் எதுக்கு மெதுவா ஓட்டுறேன்? பின்னாடி வண்டிக்காரன் ஓவர்டேக் எடுத்தா ஒன் ஓனரு என்னயத்தான் ஸ்டூல்ல உக்கார வைப்பாரு” என்றார்.

ஓனர் நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பியது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது, மூளை ஒன்று நினைத்தாலும் உடம்பு அதன் போக்கில்தான் போகிறது. ரெண்டாவது டிக்கெட் கிழிப்பதற்குள் இடுப்பு தானாகச் சீட்டைத் தேடிப் போனது. எடுத்தேன். மறுபடி போனது. முன்னாலிருந்து டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்: “மாப்ள, இடுப்பு!”

வண்டியில் இருந்த அம்புட்டுப் பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஓனருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இடது கையை உயர்த்தி மேல் கம்பியைத் தொட்டேன். இறுக்கிப் பிடிக்கவில்லை, விரல்தான். காலை அகட்டி, இடுப்பை எதிலும் கொடுக்காமல் நின்றேன்.

“என்னப்பா, முன்னெல்லாம் கம்பியத் தொட மாட்டியே. இப்ப முடியலையோ?” என்றார் ஓனர்.

பதில் சொல்வதற்குள் ஒரு ஷேர் ஆட்டோக்காரன் குறுக்கே திரும்பிவிட்டான். டிரைவர் பிரேக்கை ஏறி மிதித்தார். முழு பஸ்ஸும் முன்னால் போய் வந்தது. ஓனர் முன் சீட்டில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஒரு மல்லிகை மூட்டை உருண்டு வந்து என் இடது காலைத் தட்டிவிட்டது. இடது கால் தரையை விட்டு எழும்பியது. விரல் தானாகக் கம்பியை இறுக்கியது. உடம்பு மொத்தமும் வலது காலில் இறங்கியது. ஜன்னலில் தினமும் நின்ற அதே நிற்பு. கால் ஆடியது, ஆனால் விடவில்லை. மெதுவாக இடது காலைக் கீழே வைத்தேன், தூக்கினதை அவசரப்படாமல் இறக்கித்தான் எனக்குப் பழக்கம்.

டிரைவர் ஷேர் ஆட்டோக்காரனின் குடும்பத்தை முழுக்க விசாரித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஓனர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என் வலது காலைப் பார்த்தார், மேலே கம்பியில் இருந்த என் கையைப் பார்த்தார்.

“முடியாமப் பிடிக்கலண்ணே” என்றேன். “இனிமே இப்படித்தான் நிப்பேன். சாய மாட்டேன்.”

“அது சரி, ஒரு கையில கம்பியப் பிடிச்சுக்கிட்டு டிக்கெட்ட எப்படிக் குடுப்ப?” என்று கேட்டு ஒரு பெரிய நோட்டை நீட்டினார். வேண்டுமென்றேதான். செங்குத்துக் கம்பியை முழங்கை மடிப்புக்குள் வாங்கிக்கொண்டேன். ரெண்டு கையும் எனக்குக் கிடைத்துவிட்டது. டிக்கெட்டையும் சில்லறையையும் எடுத்துக் கொடுத்தேன். ஓனர் சில்லறையைச் சரிபார்த்துப் பைக்குள் போட்டார். பழைய வேகம் இல்லை, அது எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

பழங்காநத்தம் வந்தது. கால் உடைந்த அதே ஸ்டாப். சாக்கடை மூடி இன்னும் அப்படியே பெயர்ந்து கிடந்தது, யாரோ பக்கத்தில் ஒரு செங்கல்லை மட்டும் வைத்திருந்தார்கள். வண்டி வேகம் குறைந்தது. பழைய நினைப்பில் படிக்குப் போய்விட்டேன். ஒரு கால் படியில் இருந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டேன். வண்டி உருண்டு, நின்றது. ஆனாலும் நான் இறங்கவில்லை.

கண்ணாடியில் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். “நின்னுருச்சு மாப்ள, எறங்கு” என்றார்.

நல்ல காலை முதலில் வைத்து இறங்கினேன். என் பின்னாலேயே ஓனரும் இறங்கிவிட்டார். கடைசி ஸ்டாப் வரைக்கும் வருவதாகச் சொன்னவர். நெற்றியில் சின்னதாகப் புடைத்திருந்தது.

“எங்கண்ணே, பாதியிலயே?”

“மாட்டுத்தாவணிக்குப் போகணும்ப்பா. ஸ்டூலுக்கு வேற ஆளு பாக்கணும்ல” என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்க ரோட்டைக் கடந்து போனார். நான் வண்டியில் ஏறி விசில் அடித்தேன்.